பாட்டில் பீப் அடித்த பிறகு: ரத்தக் கல்ச்சர் பிசிஆர் பேனல் குழப்பினால் எங்கே பார்ப்பது

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டாவில் எந்த லேபின் கல்ச்சர் பெஞ்சில் உட்கார்ந்தாலும் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். பேனல் ஒன்று சொல்கிறது, கிருமியை வளர்த்த பிளேட் வேறு சொல்கிறது, வார்டில் மருந்து மூன்றாவதாக ஏதோ போகிறது. அறிகுறியைப் பார்த்து நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், இன்னொரு பவுச்சைக் கேட்கும் காரணம் கடைசியில் வரும்.

பேனல் என்று நான் சொல்வது இரண்டு வகையை. ஒன்று, கிருமி வளர்ந்து மெஷின் பீப் அடித்த, அதாவது பாசிட்டிவ் ஆன ரத்தக் கல்ச்சர் பாட்டிலிலிருந்து 0.2 மிலி எடுத்துப் போட்டால் சுமார் ஒரு மணி நேரத்தில் கிருமியின் பெயரையும் எதிர்ப்பு மரபணுவையும் சொல்லும் பவுச். இன்னொன்று, காசநோய்க்கு வாங்கிய ஜீன்எக்ஸ்பர்ட் மெஷினிலேயே போடும் கார்பபெனமேஸ் (மெரோபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகளை உடைக்கும் நொதி) கார்ட்ரிட்ஜ். அது கேபிசி, என்டிஎம், விஐஎம், ஐஎம்பி, ஆக்ஸா-48 என ஐந்து நொதிகளின் மரபணுவை மட்டும் பார்க்கும், கிருமியின் பெயரைச் சொல்லாது. அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு அங்கீகாரம் இருப்பது தனித்து வளர்ந்த காலனிக்கும் மலக்குடல் ஸ்வாபுக்கும்தான். பாட்டில் ரத்தத்தை நேரடியாகப் போடுவதென்றால் உங்கள் லேபில் முன்கூட்டியே சரிபார்த்து எழுதி வைத்திருக்க வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஸ்லைடு. கிருமிக்குச் சாயமேற்றிய அந்த ஸ்லைடை, அதாவது கிராம் ஸ்டெயினைப் பார்க்காமல் பேனல் முடிவைப் படிக்கவே கூடாது என்பது என் கட்சி.

## ஊதா மூடி டியூபில் ரத்தம் அனுப்பி "அந்த ஒரு மணி நேர டெஸ்ட்" கேட்கிறார்கள்

திருப்பி அனுப்புங்கள். பெரியவர்களுக்கு ரத்தத்தில் கிருமி பரவியிருந்தாலும் ஒரு மிலியில் ஒன்றிரண்டு, மிஞ்சினால் பத்து என்ற அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். நம்மிடம் உள்ள பேனல்கள் பாட்டிலில் பெருகிய பிறகு பார்க்கச் செய்யப்பட்டவை. நெகடிவ் வரும், அதை நம்பி யாராவது மருந்தை நிறுத்துவார்கள். சிஸ்டரிடம் போனில் சொல்லி இரண்டு செட், அதாவது நான்கு கல்ச்சர் பாட்டில் எடுக்கச் சொன்னால் முடிந்தது.

## நோயாளிக்குக் குளிர்நடுக்கம், பாட்டிலோ ஐந்து நாளும் பேசவில்லை

ரத்தம் குறைவு. எப்போதும் முதல் குற்றவாளி இதுதான். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மிலி வேண்டும், வருவது மூன்று நான்கு. சந்தேகமிருந்தால் காலிப் பாட்டிலின் எடையைக் குறித்து வைத்து, வந்த பாட்டிலைத் தராசில் வையுங்கள். கூடுதல் கிராமும் மிலியும் ஏறக்குறைய ஒன்றுதான். வார்டுவாரியாக எழுதி மாதக் கூட்டத்தில் காட்டினால் யாரையும் திட்டாமலே சரியாகும்.

மருந்து போட்டுவிட்டு எடுத்த ரத்தம். எத்தனை மணிக்கு முதல் டோஸ், எத்தனை மணிக்கு ரத்தம் என்று கேளுங்கள். வெளியூர் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுவிட்டு வந்திருப்பார்கள், கேஸ் ஷீட்டில் அது இருக்காது. வீட்டாரைக் கேட்டால் சொல்வார்கள்.

வழியில் கெட்டது. வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கமிருந்து வண்டியில் வரும் பாட்டில்களுக்கு இது முக்கியம். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, ஐஸ் பெட்டியிலும் வேண்டாம். சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் கிடந்தால் அது வேறு சிக்கல்: கிருமி வழியிலேயே வளர்ந்து முடிந்திருக்கும். மெஷின் கவனிப்பது வளர்ச்சியின் ஏற்றத்தை. ஏறி முடிந்த பிறகு உள்ளே வைத்தால் அதற்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். தாமதமாக வந்த பாட்டிலை மெஷினில் ஏற்றும் முன்பே ஒரு ஸ்மியர் (ஸ்லைடில் பூசிப் பார்ப்பது), ஒரு சப்கல்ச்சர் (பிளேட்டில் வளர்ப்பது). ரத்தம் சாக்லேட் நிறமாகியிருந்தாலோ ரப்பர் மூடி உப்பியிருந்தாலோ இது கட்டாயம்.

பாட்டிலில் வளராத நோய். நடவு, களையெடுப்பு முடிந்த கையோடு காய்ச்சலில் வருபவர்களுக்கு எலிக்காய்ச்சலும் ஸ்க்ரப் டைபஸும் நினைவில் இருக்கட்டும். இரண்டுமே இந்தப் பாட்டிலிலும் வராது, பேனல் பட்டியலிலும் கிடையாது. இங்கே லேபின் வேலை முடிகிறது. அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ கருகிய புண் இருக்கிறதா என்று பார்ப்பதும், ஐஜிஎம் எலைசாவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவதும் மருத்துவரின் முடிவு. போன் செய்து நினைவூட்டுவது மட்டும் நம் வேலை.

## பீப் அடித்தது, ஸ்லைடில் ஒன்றுமே இல்லை

ஸ்மியர் தடிமனாகி ரத்தச் சிவப்புக்குள் கிருமி ஒளிந்திருக்கும். மெல்லியதாக இன்னொன்று போட்டு வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோஃபிலஸ் போன்றவை வெளிறித் தெரியும், அதனால் சஃப்ரானினைக் கொஞ்சம் கூடுதல் நேரம் விடலாம். நிமோகாக்கஸ் தானே கரைந்து போகும் குணம் உள்ளது.

அதுவும் இல்லையென்றால் மெஷினின் வளர்ச்சிக் கோட்டைத் திறந்து பாருங்கள். வளைந்து ஏறாமல் ஒரே இடத்தில் குதித்திருந்தால் கரண்ட் போய் வந்ததோ, கதவு அதிக நேரம் திறந்திருந்ததோ காரணமாக இருக்கும். வெள்ளணுக்கள் மிக அதிகமுள்ள லுகேமியா ரத்தமும், 10 மிலிக்கு மேல் நிரப்பிய பாட்டிலும் கிருமியில்லாமலே பீப் அடிக்கும். சப்கல்ச்சர் போட்டுவிட்டு பாட்டிலைத் திரும்ப உள்ளே வையுங்கள். இந்த நிலையில் பவுச்சைத் திறப்பது வீண்செலவு. நோயாளி மிக மோசமாக இருந்து மருத்துவரே கேட்டால் மட்டும் போடலாம்.

## ஸ்லைடில் கிருமி இருக்கிறது, பேனல் "இல்லை" என்கிறது

ரேஷன் கார்டில் பெயர் இல்லை என்பதால் வீட்டில் ஆள் இல்லை என்று ஆகிவிடாது. பேனலும் தன் பட்டியலில் உள்ளவரை மட்டுமே கூப்பிடும்.

### கிராம் பாசிட்டிவ் குச்சிகள்

பெரும்பாலும் தோலிலிருந்து வந்த கோரினிபேக்டீரியமும் பேசிலஸும்தான். எத்தனை பாட்டிலில் வந்தது என்று பாருங்கள். நான்கில் ஒன்றில் மட்டும் என்றால் காத்திருக்கலாம். இரண்டு செட்டிலும் வந்தால் கல்ச்சர் பெயர் சொல்லும்வரை ஒதுக்கக் கூடாது.

### கிராம் நெகடிவ் குச்சிகள்

இங்கே அவசரப்படாமல் உட்காருங்கள். டெல்டாவில் இதைச் சாதாரணமாக விடக் கூடாது. நோயாளிக்குச் சர்க்கரை இருக்கிறதா, வயல்வேலை செய்பவரா, மழைக்காலமா, கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி என்று ஸ்கேன் சொல்கிறதா? இதில் இரண்டு பொருந்தினாலே மெலியாய்டோசிஸை நினைக்க வேண்டும். பர்க்ஹோல்டேரியா சூடோமாலியை என்ற அந்தக் கிருமி சேற்றிலும் தண்ணீரிலும் வாழ்வது. இப்போது புழங்கும் ரத்தக் கல்ச்சர் பவுச்சின் பட்டியலில் அது கிடையாது.

ஸ்லைடைத் திரும்பப் பாருங்கள். குச்சியின் இரு முனையிலும் சாயம் ஏறி நடு வெளுத்து, ஊக்கு மாதிரி தெரியும். எல்லா நேரமும் தெரியாது, அதனால் தெரியவில்லை என்பதை வைத்து விலக்காதீர்கள். அடுத்து ரிப்போர்ட்டில் மரபணு வரிகள். கிருமியே அகப்படாதபோது அங்கே "தென்படவில்லை" என்று வராது, "பொருந்தாது" என்பதன் இரண்டெழுத்துச் சுருக்கம்தான் வரும். அதை நெகடிவ் என்று படித்து "எதிர்ப்பு இல்லையாம்" என வார்டுக்குச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். சோதனையே நடக்காத வரி அது.

பிளேட்டில் முதல் நாள் பொடிப் பொடியான காலனி, மக்கான்கியில் லாக்டோஸ் எடுக்காது, ஆக்ஸிடேஸ் பாசிட்டிவ். இரண்டு மூன்று நாளில் காலனி சுருங்கி மடிப்பு விழும். அதற்குள் "சூடோமோனாஸ் வகை, கன்டாமினன்டாக இருக்கலாம்" என்று எழுதி அனுப்பிவிடுவதுதான் வழக்கமான விபத்து. மூன்று டிஸ்க் (மருந்து தோய்ந்த காகித வட்டு; அதைச் சுற்றிக் கிருமி வளராத வளையம்தான் சோன்) போதும்: ஜென்டாமைசினுக்கு சோன் இல்லை, கோலிஸ்டினுக்கு சோன் இல்லை, கோ-அமாக்ஸிக்ளாவுக்கு சோன் இருக்கிறது. இந்தச் சேர்க்கை வந்தால் நிரூபணம் ஆகும்வரை மெலியாய்டோசிஸ் என்றே நடத்துங்கள். தானியங்கி அடையாள மெஷின் பர்க்ஹோல்டேரியா செபேசியா என்று பெயர் மாற்றிச் சொன்னாலும் ஏமாற வேண்டாம்.

சந்தேகம் வந்த நிமிடமே பிளேட்டை டேப் ஒட்டி மூடி, மீதி வேலையைப் பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் செய்யுங்கள். பிளேட்டை மூக்கருகே கொண்டுபோய் மண்வாசனை பார்க்கும் பழைய பழக்கம் இந்தக் கிருமியிடம் வேண்டவே வேண்டாம்.

நிபுணரைக் கூப்பிட வேண்டிய இடம் இதுதான். மருத்துவருக்கு அன்றைக்கே போன் போக வேண்டும், ஏனென்றால் வார்டில் வழக்கமாக ஓடும் செஃப்ட்ரியாக்சோன் இதற்குப் போதாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் நரம்பு வழியாகக் குறைந்தது 10 முதல் 14 நாள், பிறகு மாதக்கணக்கில் மாத்திரை என்று போகும் நோய் இது. காலனியை உறுதி செய்ய வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய லேபுக்கு அனுப்புங்கள்.

சேற்றுக்காலில் அடிபட்ட புண்ணோடு வந்தவருக்கு ஏரோமோனாஸும் இதே மாதிரி பேனலுக்கு அகப்படாமல் போகும். அது ஒரே நாளில் நன்றாக வளரும் என்பதால் பிளேட்டே சொல்லிவிடும்.

## பேனலில் மரபணு இல்லை, ஆனால் மெரோபெனம் கேட்கவில்லை

இந்த வழிமுறையில் ஒரே ஒரு தலைப்பைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். "மரபணு தென்படவில்லை" என்பதை "மருந்து கேட்கும்" என்று மொழிபெயர்ப்பதால்தான் பாதிச் சிக்கல். கிருமி எது என்பதைப் பொறுத்துக் கிளை பிரியும்.

அசினெட்டோபேக்டர். நம் ஐசியூக்களில் கார்பபெனமை எதிர்க்கும் அசினெட்டோபேக்டரில் பெரும்பாலும் இருப்பது ஆக்ஸா-23. பேனல் பார்ப்பது ஆக்ஸா-48 வகையை. எண்தானே வேறு, குடும்பம் ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம், இவை ஒன்றுக்கொன்று அகப்படாது. என்டிஎம் நெகடிவ் வந்த அசினெட்டோபேக்டருக்கு மெரோபெனம் கேட்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

சூடோமோனாஸ் ஏருஜினோசா. மருந்து உள்ளே நுழையும் வாசலை அடைத்துவிடும், நுழைந்ததை வெளியே இறைத்துவிடும். இரண்டுக்கும் பேனலில் வரி கிடையாது.

கிளெப்சியெல்லா, ஈகோலை. கார்பபெனமேஸ் இல்லாமல் சிடிஎக்ஸ்-எம் (செஃப்ட்ரியாக்சோன் போன்றவற்றை உடைக்கும் நொதி) மட்டும் இருந்து, கூடவே வாசலும் அடைபட்டிருந்தால் மெரோபெனம் தடுமாறும். எம்சிஆர்-1 (கோலிஸ்டின் எதிர்ப்பு மரபணு) இல்லை என்பதால் கோலிஸ்டின் கேட்கும் என்றும் கொள்ளக் கூடாது. கிளெப்சியெல்லாவில் கோலிஸ்டின் எதிர்ப்பு பெரும்பாலும் அதன் சொந்தக் குரோமோசோமில் நடக்கும் மாற்றத்தால் வருவது.

சால்மொனெல்லா. பெயர் வரும். சிப்ரோஃப்ளாக்சசின் கேட்குமா, அசித்ரோமைசின் கேட்குமா என்பது வராது.

சரிபார்க்கச் செலவு குறைந்த வழி டிஸ்க்தான். பாட்டில் திரவத்தை நேரடியாக முல்லர்-ஹின்டன் பிளேட்டில் பரப்பி டிஸ்க் வைக்கலாம். ஐரோப்பிய யூகாஸ்ட் முறையில் 4, 6, 8 மணி நேரத்தில் படிக்கலாம், அமெரிக்க சிஎல்எஸ்ஐ முறையில் 8 முதல் 10 மணி நேரத்தில். இரண்டுக்கும் அளவு அட்டவணை வேறு, படிக்கும் நேரத்துக்கேற்பவும் வேறு. ஒன்றின் சோனை இன்னொன்றின் அட்டவணையில் வைத்துப் பார்த்தால் கிடைப்பது ரிசல்ட் அல்ல.

மறுநாள் காலனி வந்ததும் எம்சிம், அதாவது கிருமியிடம் கார்பபெனமேஸ் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். மெரோபெனம் டிஸ்க்கைக் கிருமியோடு குழம்பில் நான்கு மணி நேரம் ஊறவிட்டு, பிறகு ஏடிசிசி 25922 என்ற, மெரோபெனத்துக்குக் கட்டுப்படும் ஈகோலை பரப்பிய பிளேட்டில் வைக்க வேண்டும். மறுநாள் சோன் 15 மிமீ வரை என்றால் கார்பபெனமேஸ் இருக்கிறது, 19 மிமீ அல்லது அதற்கு மேல் என்றால் இல்லை. செலவு ஒரு டிஸ்க், ஒரு பிளேட். கிளெப்சியெல்லா, ஈகோலை சேர்ந்த என்டரோபாக்டீரியக் குடும்பத்துக்கும் சூடோமோனாஸுக்கும் நன்றாக ஓடும், அசினெட்டோபேக்டருக்கு நம்ப முடியாது.

ரிப்போர்ட் ஆங்கிலத்தில் போகட்டும், பொருள் இப்படி இருக்கட்டும்: "இந்தப் பேனல் தேடும் கார்பபெனமேஸ் மரபணுக்கள் தென்படவில்லை. மெரோபெனம் வேலை செய்யும் என்பதற்கு இது சான்று அல்ல. சென்சிட்டிவிட்டி பின்னால் வரும்." டிஸ்க்கும் சென்சிட்டிவ் என்கிறது, காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை என்றால் பிரச்சினை லேபில் இல்லை. வடிக்காத சீழ், எடுக்காத சென்ட்ரல் லைன், போதாத டோஸ் என்று தேட வேண்டியவர் மருத்துவர்.

## மரபணு இருக்கிறது, டிஸ்க்கோ சென்சிட்டிவ் என்கிறது

சப்கல்ச்சர் பிளேட்டைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், இரண்டு வகைக் காலனி இருக்கும். பேனல் பாட்டில் முழுவதையும் பார்த்தது, நீங்கள் டிஸ்க் போட்டது அதில் ஒருவருக்கு மட்டும். முதல் ஸ்ட்ரீக்கிலேயே ஒரு மெரோபெனம் டிஸ்க்கை வைத்துவிடும் பழக்கம் இருந்தால் எதிர்ப்புக் காலனி டிஸ்க்கை ஒட்டி நின்று தானே காட்டிக்கொடுக்கும். ஸ்டஃபைலோகாக்கஸிலும் இதே கதைதான். ஆரியஸும் தோல் ஸ்டஃபும் ஒரே பாட்டிலில் இருந்தால் மெக்-ஏ (மெத்திசிலின் எதிர்ப்பு மரபணு) யாருடையது என்று பேனலால் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகும்.

ஒரே காலனிதான் என்றால் ஆக்ஸா-48 வகையா என்று பாருங்கள். அது மெரோபெனத்தை மெதுவாக உடைக்கும், சோன் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும். எம்ஐசி (கிருமியின் வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த மருந்தளவு) பார்த்து, எம்சிம் போட்டு, அதுவரை மெரோபெனத்துக்கு "சென்சிட்டிவ்" என்று வெளியே விடாதீர்கள். இரண்டும் ஒத்துவராமலே போனால் தொற்றுநோய் நிபுணரிடம் பேசும் கட்டம் அது. என்டிஎம் என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் தனியாகக் கேட்காது, அஸ்ட்ரியோனம் சேர வேண்டும். ஆக்ஸா-48 மட்டும் என்றால் அவிபாக்டம் பிடிக்கும். நம் ஊரில் இரண்டும் ஒரே கிருமியில் வருவதும் உண்டு, அதனால் எது என்ற பெயரைச் சரியாகச் சொல்லுங்கள், "கார்பா பாசிட்டிவ்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்.

## ஸ்லைடில் ஒன்று, பேனலில் கூடுதலாக இன்னொன்று

ஸ்லைடில் கொத்துக் கொத்தாக உருண்டைக் கிருமிகள் (காக்கஸ்), பேனலில் அதோடு சூடோமோனாஸும். பிளேட்டில் இரண்டாவது வளரவில்லை. பாட்டில் மீடியத்தில் செத்த கிருமியின் டிஎன்ஏ இருந்தால் பேனல் அதையும் எண்ணும். பாட்டிலின் லாட் நம்பரைப் பாருங்கள். அதே லாட்டில் வேறு நோயாளிக்கும் அதே கூடுதல் பெயர் வந்திருந்தால் லாட்டை ஒதுக்கிவிட்டுக் கம்பெனிக்கு எழுத வேண்டும். ஒருவருக்கு மட்டும் வந்தால் பெஞ்சையும் கேபினெட்டையும் ஹைப்போகுளோரைட்டால் துடைத்து, தண்ணீரால் துடைத்து, புது கையுறையோடு மறுபடி போடலாம். சப்கல்ச்சர் முடியும்வரை "பாசிட்டிவ்" என்று உறுதியாகவும் சொல்லாதீர்கள், ரிப்போர்ட்டிலிருந்து அடித்தும் விடாதீர்கள்.

## ரிசல்ட் வந்து பல மணி நேரம், மருந்து மாறவில்லை

மெஷினில் பழுதில்லை, பேப்பரில் இருக்கிறது பழுது. ராத்திரி வந்த ரிசல்ட் காலை ரவுண்ட்ஸ் வரை தட்டில் கிடக்கும்.

"சார், லேப்லேருந்து பேசறேன். ஐசியூ நாலாவது பெட், பாட்டில் அடிச்சுட்டு. கிளெப்சியெல்லா, என்டிஎம் இருக்கு."

"காலைல ரிப்போர்ட்ல பாத்துக்கறேனேம்மா."

"காலை வரைக்கும் மெரோபெனம்தான் சார் போகும்."

மூன்றாவது வரியைச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். மருந்தை மாற்றச் சொல்வது நம் வேலை இல்லை, இப்போது போகும் மருந்துக்கும் வந்திருக்கும் மரபணுவுக்கும் ஒத்துவராது என்று சொல்வது நம் வேலை. அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, பெயரும் நேரமும் ரிஜிஸ்டரில் எழுதுங்கள். டியூட்டி டாக்டர் எடுக்கவில்லை என்றால் அடுத்து யார் என்ற பட்டியல் போன் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும்.

## மெஷின் "எரர்", "இன்வேலிட்" என்கிறது

அறைச் சூடு. பவுச் வைக்க வேண்டிய சூடு 15 முதல் 25 டிகிரி. மே மாதம் ஞாயிற்றுக்கிழமை ஏசியை அணைத்துவிட்டுப் போனால் திங்கட்கிழமை முதல் ரன்னிலேயே தெரியும். மெஷின் அறையும் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது.

பவுச்சில் காற்று. திரவம் தானாக உள்ளே இழுபடவில்லை என்றால் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். ஊசியை அழுத்தித் தள்ள வேண்டாம், வேறு பவுச் எடுங்கள். பிரித்த பவுச்சை அரை மணிக்குள் போட்டாக வேண்டும். கரி கலந்த பாட்டில் என்றால் பேனல் அதை ஏற்குமா என்று கிட் கையேட்டில் பாருங்கள்.

கரண்ட். கஜா புயல் 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு கரண்ட் இல்லாத நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கெல்லாம் ஜெனரேட்டர் வேண்டும். அன்றாட வோல்டேஜ் ஆட்டத்துக்குத் தனி யுபிஎஸ் போதும், ஆனால் அதே யுபிஎஸ்ஸில் சென்ட்ரிஃப்யூஜை மாட்டாதீர்கள். பாதியில் நின்ற ரன் போனதுதான், அதே பவுச்சைத் திரும்பப் போட முடியாது.

ஜீன்எக்ஸ்பர்ட்டில் எண் வந்தால். 2008 என்றால் உள்ளே அழுத்தம் கூடியது, பெரும்பாலும் சாம்பிள் கெட்டியாகவோ கட்டியாகவோ இருந்திருக்கும். 5006, 5007, 5008 என்றால் ப்ரோப் சோதனை தோல்வி. சாம்பிள் அளவையும் கார்ட்ரிட்ஜ் வைத்திருந்த சூட்டையும் பார்த்துவிட்டு, புது கார்ட்ரிட்ஜ், வேறு மாட்யூல் (மெஷினில் கார்ட்ரிட்ஜ் போடும் தனித்தனி அறை). 2127 என்றால் மாட்யூலோடு தொடர்பு அறுந்தது, மெஷினை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

வேறு வேறு சாம்பிளில் அதே மாட்யூல் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்றால் அதற்கு மேல் கார்ட்ரிட்ஜைச் செலவழிக்க வேண்டாம், அந்த மாட்யூலை நிறுத்திவிட்டு சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். மூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வரும், வாரண்டி போய்விடும். அவர் போனிலேயே கேட்பது மாட்யூல் சீரியல் நம்பர், எரர் எண், லாட் நம்பர், அன்றைய அறைச் சூடு, கடைசியாக கேலிபரேஷன் செய்த தேதி. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டால், வரும்போதே மாற்று மாட்யூலோடு வருவார்.